டீயை விடவா, நேரத்தை மாற்றவா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 48. பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. சைவம். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பேன்: காலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு வேலையிடத்தில் ஒன்று, மதியம் சாப்பிட்ட கையோடு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று, இரவு எட்டரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணவரோடு புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஒன்று. எல்லாமே இனிப்பு டின் பால் போட்டதுதான், வீட்டில் என்றால் இரண்டு கரண்டி. பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபின் 10.1 என்றார்கள். நான்கு மாதமாக இரும்புச் சத்து மாத்திரை போடுகிறேன், பெரிதாக ஏறவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுவதால் காலை டீயோடு போட்டுக்கொள்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 6.3 வந்திருக்கிறது. தூக்கம் சரியில்லை. மகள் டீயையே நிறுத்தச் சொல்லி, கிரீன் டீ வாங்கி வைத்திருக்கிறாள். நாத்தனாரோ டீ இதயத்துக்கு நல்லது, குடி என்கிறார். டீயில் அப்படி என்னதான் இருக்கிறது? கஃபீன் அதிகமாகிவிட்டதா? நான் டீயை விட வேண்டுமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் தாண்டி, போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது: “காலை டீயோடு போட்டுக்கொள்கிறேன்.” அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவும் இதையேதான் செய்தார். ஆறு மாதம், தினமும் காலையில் ஒரு கையில் இரும்பு மாத்திரை, மறு கையில் பால் டீ. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் எண் அசையவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், பிறகு வேறு மாத்திரை மாற்றினார்கள். எதோடு விழுங்குகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் அந்தப் பக்கம் வந்த அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அன்று இரவு வீட்டுக்குப் போய் அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். இன்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வந்தது.

காரணம் இதுதான். டீயின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது, அது அப்படியே வெளியேறிவிடும். இறைச்சியிலிருந்து வரும் இரும்பு ஓரளவுக்குத் தப்பித்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலிருந்து வரும் இரும்பு தப்பாது. நீங்கள் சைவம் என்பதால் உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இந்த இரண்டாவது வகைதான். உணவோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு கோப்பை டீ, இந்த இரும்பு உடலில் சேர்வதைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிடலாம். 1983ல் வெளிவந்த ஓர் ஆய்வில் உணவோடு டீ குடித்தபோது 64 விழுக்காடு குறைந்தது, காப்பி குடித்தபோது 39 விழுக்காடு. இந்த விஷயத்தில் காப்பியைவிட டீதான் கடுமை. போதாததற்கு உங்கள் டீயில் பாலும் இருக்கிறது. பாலில் உள்ள கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும். ஆக, நான்கு மாதமாக நீங்கள் மாத்திரையை விழுங்கியது உண்மை, ஆனால் அதில் ஒரு நல்ல பங்கு உடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மதியம் சாப்பிட்ட கையோடு ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை நேரம் போக, இரும்பு கிடைக்கக்கூடிய இரண்டு பெரிய வேளைகளிலும் டீ வந்து உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் முருங்கைக்கீரையும் பருப்பும் என்ன செய்யும், பாவம்.

அதனால் முதல் மாற்றம் நேரத்தில்தான். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். மாத்திரைக்கும் டீக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட்டால் நிம்மதி. வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு மாத்திரையைப் போடுங்கள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும். காலை அவசரத்தில் இதெல்லாம் நடக்காது என்றால் மாத்திரையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதையும் கேட்கலாம். இரும்புக் குறைவு உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், தினமும் போடுவதைவிட அப்படிப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலான இரும்பு சேர்ந்திருக்கிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. ஆனால் இதை நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீயின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. 48 வயதில் மாதவிலக்கு தாறுமாறாக, அதிகமாகப் போகிறதா? அதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. பெண்களுக்கு ரத்தம் குறைவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் அதுவும் ஒன்று. கருப்பைக் கட்டியாக இருக்கலாம், வயிற்றிலோ குடலிலோ தெரியாமல் ரத்தம் கசிவதாகவும் இருக்கலாம். மாத்திரையைச் சரியான முறையில் போட்டும் எண் ஏறவில்லை என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள் அக்கா.

சரி, இனி டீயில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கிரீன் டீயும் நாம் குடிக்கும் சாயா டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையைச் சூடுகாட்டி அதன் நொதிகளை அடக்கிவிட்டால் பச்சையாகவே நிற்கும், அது கிரீன் டீ. கசக்கிக் காற்றாட விட்டால் கறுக்கும், அது கறுப்புத் தேயிலை. பச்சை இலையில் கேட்டகின் என்னும் பாலிஃபீனால்கள் அதிகம். கறுக்கும்போது அவற்றில் பெரும்பங்கு தியாஃபிளவின், தியாரூபிஜின் என்று உருமாறுகிறது. உங்கள் கோப்பையில் தெரியும் செம்பொன் நிறமும் துவர்ப்பும் அவற்றால் வருபவை. உருமாறினாலும் பயன் போய்விடுவதில்லை. கிரீன் டீயை மருந்து போலவும் கறுப்பு டீயைக் கெட்ட பழக்கம் போலவும் பேசுவது சரியல்ல. மகளிடம் இதைச் சொல்லுங்கள். கிரீன் டீயும் இரும்பைக் கட்டும், அதிலும் கஃபீன் உண்டு.

தேயிலையில் தியானின் என்று ஓர் அமினோ அமிலமும் இருக்கிறது. மனத்தைச் சாந்தப்படுத்தும் என்று அதை விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் ஆய்வுகளில் கொடுத்த அளவு, ஒரு கோப்பையில் இருப்பதைப்போலப் பல மடங்கு. அதை நம்பி டீ குடிக்க வேண்டாம்.

கஃபீனுக்கு வருகிறேன். 1819ல் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்க அதைக் காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். சில ஆண்டுகள் கழித்து, 1827ல், தேயிலையிலிருந்து ஒரு பொருளை எடுத்து அதற்கு ‘தேயின்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றே. “டீயில் இருப்பது வேறு, அது தூக்கத்தைக் கெடுக்காது” என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்கிறேன். அதே கஃபீன்தான், அளவில்தான் வித்தியாசம். வழக்கமான ஒரு கோப்பை கறுப்பு டீயில் 40 முதல் 50 மில்லிகிராம், கிரீன் டீயில் ஏறக்குறைய 30, வடிகட்டிய காப்பியில் 90க்கு மேல். காப்பிக்கடை டீயில் இது கூடலாம். அங்கே போடுவது தூள். தூள் என்றால் நீர் படும் பரப்பு அதிகம், சாயமும் கஃபீனும் சட்டென்று இறங்கிவிடும். அதைத் துணிப்பையில் போட்டு நெடுநேரம் ஊறவும் விடுகிறார்கள். ‘கோவ்’ என்று கேட்டால் இன்னும் கெட்டி, ‘போ’ என்றால் லேசு.

இன்னொரு நம்பிக்கை, முதல் முப்பது நொடித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்பது. போகாது. அந்த நேரத்தில் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும்.

உங்கள் ஐந்து டீயைக் கூட்டினால் சுமார் 250 மில்லிகிராம் வரும். காப்பிக்கடை டீ கெட்டி என்று வைத்துக்கொண்டாலும் 300ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200. ஆக, உங்களுக்கு அளவு மீறவில்லை. தூக்கத்தைக் கெடுப்பது அந்த எட்டரை மணி டீ. கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். இரவு எட்டரைக்குக் குடித்ததில் பாதி, நடுநிசி தாண்டி ஒன்றரை மணிக்கும் உங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காலை ஐந்தரைக்கு எழுகிறவருக்கு அது பெரிய இழப்பு. நாலு மணி டீயைக்கூட இரண்டு, இரண்டரைக்கு இழுத்துவிட்டால் தூக்கம் தெளியும்.

மகள் சொல்கிறார் என்று நாளைக்கே முழுதாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று கஃபீன் கிடைக்காவிட்டால் மறுநாளே மண்டையை இடிக்கும். எரிச்சல் வரும், சோர்வு வரும், ஒரு வாரம்கூட இழுக்கும். வேலையிடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டு அந்தத் தலைவலியைச் சுமக்க வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒரு கோப்பை என்று குறைத்து வாருங்கள். மூன்றில் நின்றால் போதும்.

இனிப் பாலைப் பற்றி. உண்மையில் உங்கள் 6.3ஐப் பார்த்ததும் எனக்குக் கவலை தந்தது தேயிலை அல்ல, அந்த இரண்டு கரண்டி. சிங்கப்பூரில் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இந்தக் கட்டத்தில் திரும்பி வர முடியும், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் வீட்டில் தராசை எடுத்து வைத்து இனிப்பு டின் பாலை ஊற்றிப் பார்த்தேன். ஒரு மேசைக்கரண்டி, 20 கிராம். கரண்டியைக் கவிழ்த்தாலும் முழுதாக விழாமல் பட்டு நூல் மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பிசுக்கு, அவ்வளவு சர்க்கரை. டின் பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பாலுக்கே உரிய சர்க்கரையைக் கழித்துவிட்டாலும், சேர்க்கப்பட்டது மட்டும் 100 கிராமுக்கு 44 கிராமை ஒட்டி வரும். இரண்டு கரண்டியில் 17, 18 கிராம். ஐந்து கோப்பைக்கு 85க்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நீங்கள் வேறு எந்த இனிப்பையும் தொடாவிட்டாலும் டீயிலேயே கணக்கு தாண்டிவிட்டது. கலோரியும் 600க்கு மேல். சாப்பாட்டுக்குச் சமமாக ஒரு வேளையைக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். டின்னைத் திருப்பிப் படித்தும் பாருங்கள். பல டின்களில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் இருக்கும்.

கடையில் கேட்பதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ‘தே’ என்றால் இனிப்பு டின் பால். ‘தே ஓ’ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பால், மேலே சர்க்கரை. ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரையே இல்லை. ‘சியூ தாய்’ என்றால் இனிப்பு குறைவு. உங்களுக்குப் பால் டீதான் பிடிக்கும் என்பது தெரிகிறது, அதனால் உங்கள் கடைசி இலக்கு ‘தே சி கோசோங்’. அதில் இருப்பது பாலின் சொந்தச் சர்க்கரை மட்டும், மூன்று கிராமை ஒட்டி. ஆனால் ஐந்து கோப்பை இனிப்பிலிருந்து ஒரே தாவலில் அங்கே போனால் நாக்கு ஒப்பாது, இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம் ‘தே சி சியூ தாய்’. வீட்டில் ஒரு கரண்டி, பிறகு அரைக் கரண்டி. நாக்கு பழகச் சில வாரம் எடுக்கும். பழகிவிட்டால் பழைய டீ திகட்டும். இதைப் பலர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

பானங்களில் ஏ, பி, சி, டி என்று ஒட்டும் நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பார்த்திருப்பீர்கள். 2022 டிசம்பர் 30 முதல் போத்தல், டப்பாப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிலிட்டருக்கு ஒரு கிராமுக்குள் சர்க்கரை, இனிப்பூட்டியும் இல்லை என்றால் ஏ, பத்துக்கு மேல் போனால் டி. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு என்பதால் உங்கள் புளோக்குக் கடையில் பலகை இல்லாமல் இருக்கலாம். இல்லை என்பதால் சர்க்கரை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

நாத்தனார் சொன்னதும் பொய் இல்லை. பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பதினோரு ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2022ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பு டீ குடிப்பவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட 9 முதல் 13 விழுக்காடு குறைவாக இருந்தது. இதயநோய், பக்கவாதத்தால் வரும் மரணமும் குறைவு. பால் சேர்த்தவர்களுக்கும் அப்படியே. இது கவனித்துச் சொன்னதுதான், டீதான் காரணம் என்று அறுதியிட முடியாது. இன்னொன்று, அவர்கள் ஊர் டீயில் விழுவது கொஞ்சம் பசும்பால், சர்க்கரை போட்டாலும் ஒன்றிரண்டு சிறு கரண்டி. அந்த ஆய்வைக் காட்டி நம் இரண்டு கரண்டி டின் பாலுக்கு நியாயம் தேட முடியாது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல் வகைப்படுத்தியது. டீ ஆற்றும் அண்ணன் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை நீள இழுத்து ஊற்றுகிறாரே, அது நுரைக்காக மட்டும் இல்லை, சூட்டையும் இறக்கும். நம் ஆட்கள் கடை போட்டு வளர்த்த அந்தப் பழக்கத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டிலும் ஆற்றிக் குடியுங்கள்.

மகள் வாங்கி வைத்த கிரீன் டீயைக் குடிக்கலாம், ஆபத்தில்லை. ஆனால் உடல் இளைக்க என்று விற்கும் கிரீன் டீ மாத்திரைகள் பக்கம் போகாதீர்கள். அவற்றில் கேட்டகின் மிகச் செறிவாக இருக்கும். அவற்றில் முக்கியமான ஈஜிசிஜி என்னும் கேட்டகின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன.

இப்போது உங்கள் நாளை நான் இப்படி அடுக்கிப் பார்க்கிறேன். காலை எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர், கொஞ்சம் உணவோடு மாத்திரை, எலுமிச்சைத் தண்ணீர். எட்டு மணி வாக்கில் முதல் டீ. பத்து மணி டீ அப்படியே இருக்கட்டும். மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யா, டீ கிடையாது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாவது டீ, அதுதான் அன்றைய கடைசி. சமையலில் தாவ்குவா (கெட்டி டோஃபு), கொண்டைக்கடலை, பயறு, முருங்கைக்கீரை அடிக்கடி வரட்டும், கூடவே ஒரு எலுமிச்சை பிழியுங்கள். இட்லி தோசை மாவு புளிப்பதும் இரும்புக்கு உதவும், தானியத்தில் இரும்பைப் பிடித்து வைக்கும் பொருளைப் புளிப்பு உடைத்துவிடுகிறது.

எட்டரை மணிக்குக் கணவரோடு கீழே இறங்குவதை மட்டும் நிறுத்த வேண்டாம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். சர்க்கரை இல்லாத பார்லி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். இஞ்சி வேண்டும் என்று ‘தே ஹாலியா’ கேட்டால் அதிலும் டீ இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவர் தன் டீயைக் குடிக்கட்டும்.

அடுத்த முறை மருந்தகம் போகும்போது எந்த நேரத்தில் மாத்திரை, எந்த நேரத்தில் சாப்பாடு, எந்த நேரத்தில் டீ என்று எனக்கு எழுதிய மாதிரியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். மாத்திரையை இப்படி மாற்றிப் போட்டு இரண்டு மாதத்தில் எண் என்ன ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. காத்திருப்பேன்.